என் சர்க்கரை மேல் பழியைப் போட்டு மூடிய புகார் ஃபைலைத் திறந்து பாருங்கள்

எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவருக்கும்,

2024 நவம்பரில் நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. ஆபரேஷனில் நீங்கள் வைத்த வலையில் கிருமி பிடித்ததைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நீங்கள் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். நோயாளிக்கு நீரிழிவு உள்ளது. அறுவைக்குப் பின் 30 நாள்களுக்குள் எந்தக் குறையும் பதிவாகவில்லை. எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது. கீழே ஒரு ரப்பர் முத்திரை. கையெழுத்து யாருடையது என்று படிக்க முடியவில்லை.

மருத்துவமனையின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும், அது போதும். தபாலில் மட்டும் போடாமல் எல்லோரும் பார்க்கும்படி எழுதக் காரணம், இது என் வயிற்றோடு முடிகிற விஷயம் இல்லை என்பதுதான். அந்த மூன்று வரியைப் படித்ததும் அது எனக்கு உறுதியாகிவிட்டது.

2023 பிப்ரவரியில் உங்களிடம் வந்தேன். இரண்டாவது சிசேரியன் தழும்பின் ஓரத்தில் நெடுநாளாக ஒரு வீக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். தையல் மெஷினில் குனிந்தே உட்காருகிற பிழைப்பு, வர வர இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. வயிற்றுச் சுவர் விலகியிருக்கிறது, லேப்ராஸ்கோப்பியில் மூன்று துளை போட்டு உள்ளே ஒரு வலை வைத்து மூடிவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். பொறுமையாகத்தான் பேசினார். அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் வலையில் கிருமி பிடித்தால் என்ன ஆகும், அதை எடுக்க வேண்டியும் வரலாமா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. காலை ஆறு மணிக்கு இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, “இங்க கையெழுத்துப் போடும்மா” என்றார் சிஸ்டர். போட்டேன்.

சர்க்கரை எனக்கு இருந்தது உண்மை. மூன்று மாதச் சராசரி 7.1. நான் மறைத்து வைத்ததல்ல, உங்கள் லேபில் நீங்கள் எடுத்த கணக்கு. அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் பொது மருத்துவர் ஆபரேஷனுக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார். கத்தி வைக்கிற நாளன்று சரியாக இருந்த சர்க்கரை, சீழ் வைத்த பிறகு குற்றவாளி ஆகிவிடுமா? சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பது எனக்கும் தெரியும். புகை பிடிப்பது, உடல் பருமன், அவசர ஆபரேஷன், ஆபரேஷன் நீண்டுபோவது எல்லாமே வாய்ப்பைக் கூட்டும் என்று படித்திருக்கிறேன். வாய்ப்பைக் கூட்டுவது வேறு, கிருமியைக் கொண்டு வந்து உள்ளே விடுவது வேறு. கிருமி எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு உங்கள் மூன்று வரியில் பதில் இல்லை.

பத்தாவது வாரம், வலது பக்கத் துளை போட்ட இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சில நாளில் உடைந்து தண்ணீர் மாதிரி கசிந்தது. உடனே உங்களிடம்தான் ஓடி வந்தேன். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள். புண்ணின் வாய் மூடியது, மறுபடி திறந்தது. இன்னொரு ஐந்து நாள், வேறொரு மாத்திரை. இப்படியே ஜூன் வரை ஓடியது. ஜூனில் கீறி, சீழை எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினீர்கள். இரண்டாம் நாளே ரிப்போர்ட் வந்தது: கிருமி எதுவும் வளரவில்லை. “பாருங்கம்மா, ஒண்ணுமில்ல” என்றார் டியூட்டி டாக்டர். என் பாவாடை நாடாவுக்கு மேலே பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. ரிப்போர்ட்டில் மட்டும் ஒன்றுமில்லை.

ஆகஸ்டில், நம்பிக்கை போய், வேறொரு இடத்துக்குப் போனேன். சதையை எடுத்துச் சோதித்துவிட்டு, டி.பி. போலத் தெரிகிறது என்று காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. புண் ஒன்று மூன்றானது. மூன்று துளைகளிலும் ஆளுக்கொன்றாகக் கட்டி. அக்கம்பக்கத்தில் டி.பி. என்று தெரிந்ததும் அளவு கொடுக்க வந்தவர்கள் இஞ்ச் டேப்பைத் தொடத் தயங்கினார்கள். அந்தக் கதையை இங்கே வளர்க்க வேண்டாம்.

நவம்பர் கடைசியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் டாக்டரம்மா ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் என்னைத் தொடக்கூட இல்லை, இரண்டே கேள்வி கேட்டார். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனா? எத்தனை வாரம் கழித்துக் கட்டி வந்தது? பதிலைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன். ஏழு மாதமாக யாருக்கும் தோன்றாத ஒரு பரிசோதனையை எழுதினார். கிருமி வளர்க்கிற தட்டை இரண்டு நாளில் தூக்கிப் போடாமல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று லேபில் தாமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் கிருமி வளர்ந்து நின்றது. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ். காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். காசநோய்க் கிருமி கல்ச்சரில் வளர வாரக்கணக்கில் ஆகும், இது ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். ஆனால் சாதாரண சீழ்க் கிருமிகள் மாதிரி ஒரே நாளில் வளராது. இரண்டு நாளில் தட்டை எடுத்துவிட்டால் கண்ணில் படவே படாது. வழக்கமான காசநோய் மாத்திரைகளுக்கும் கட்டுப்படாது. நான் நான்கு மாதம் விழுங்கியது அத்தனையும் வீண்.

இந்தக் கிருமி எங்கே இருக்கும் என்று கேட்டேன். “தண்ணியில. குழாய்த் தண்ணியில, தொட்டியில, மண்ணுல” என்றார்.

அப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

லேப்ராஸ்கோப்பிக் கருவிகளில் சிலவற்றை அதிக வெப்பத்தில் வைக்க முடியாது என்பதால் குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைப்பது பல இடங்களில் வழக்கம். இருபது நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் அது முழுமையான கிருமிநீக்கம் ஆகாது. அதற்கு எட்டு முதல் பத்து மணி நேரமாவது ஊற வேண்டும். ஒரே நாளில் வரிசையாக ஆறு ஆபரேஷன் இருந்தால் பத்து மணி நேரத்துக்கு எங்கே போவது? மைக்கோபாக்டீரியங்களில் சில இந்தக் கரைசலைத் தாக்குப்பிடிக்கக் கூடியவை. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஊறவைத்து எடுத்த கருவியில் மருந்து நெடி போக அலச வேண்டும். அந்த அலசுகிற தண்ணீர் கிருமி நீக்கியதாக இல்லாவிட்டால், ஊறவைத்ததற்கே அர்த்தம் இல்லை. நம் நாட்டில் லேப்ராஸ்கோப்பிக்குப் பின் துளை போட்ட இடத்தில் இதே வகைக் கிருமிகள் கூட்டமாகத் தாக்கியதைப் பற்றி 2006இலேயே மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அதில் தேடிக் கண்டுபிடித்த மூலம் கருவிகளை அலசிய தண்ணீர்தான்.

உங்கள் ஆபரேஷன் தியேட்டரான ஓ.டி.யிலும் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நான் மயக்கத்தில் இருந்தவள், எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். பார்த்ததாக உங்கள் பதிலில் ஒரு சொல் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் டிரஸ்ஸிங் அறை வாசலில் ஒரு நீள பெஞ்சு உண்டு. மே, ஜூன் மாதங்களில் அதில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடு பேசாமல் எப்படி இருப்பது? ஒரு பெண், 26 வயது, பித்தப்பைக் கல் ஆபரேஷன், சர்க்கரையே கிடையாது. இன்னொருவர் எனக்கு மூத்தவர், என்னைப் போலவே வலை வைத்தவர். மூன்று பேருக்கும் துளை போட்ட இடத்தில் அதே வலியில்லாத கட்டி. மூன்று பேரும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் உங்களிடம் ஆபரேஷன் செய்தவர்கள். இதை நான் சிஸ்டரிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். “ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரிம்மா” என்று பதில் வந்தது. மூன்று உடம்பு ஒரே மாதிரி இருந்ததைத்தானே நான் சொன்னேன்? ஒரு தெருவில் மூன்று வீட்டில் ஒரே வாரம் வாந்தி பேதி என்றால் முனிசிபாலிட்டிக்காரர்கள்கூட முதலில் தண்ணீர்த் தொட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

30 நாள் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பின் ஆழமான தொற்று வருகிறதா என்று 90 நாள் கண்காணிக்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம். 2013க்கு முன், உடம்புக்குள் பொருள் வைத்த ஆபரேஷன்களுக்கு அதே மையம் ஒரு வருஷம் பார்க்கச் சொன்னது. வலைத் தொற்று மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். என் கட்டி பத்தாவது வாரம் வந்தது, அதுவே 90 நாளுக்குள். உங்கள் பதிவேடு முப்பதாம் நாளோடு முடிந்துபோனால் அதில் எந்தக் குறையும் இருக்காதுதான்.

இனி வலை எடுத்த கதை. எனக்கு மிகவும் ஆறாதது இதுதான்.

மருந்து மட்டும் போதுமா, வலையை எடுத்தே ஆக வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்தது. அது எந்த வலை என்பதைப் பொறுத்தது என்றார் புதிய சர்ஜன். பெரிய கண்ணுள்ள பாலிபுரொப்பிலீன் வலை என்றால், சாதாரணக் கிருமியாக இருந்து, சீக்கிரம் சீழை வடித்துச் சுத்தம் செய்தால் சில சமயம் வலையைக் காப்பாற்றிவிடலாம். கண்களுக்குள் சதை வளரும், ரத்தத்தின் வெள்ளையணுக்கள் உள்ளே புகுந்து கிருமியோடு சண்டை போடும். பி.டி.எஃப்.இ. என்னும் பொருளில் செய்த, மிக நுணுக்கமான துளையுள்ள வலை என்றால் கதை வேறு. கிருமி நுழைந்துவிடும் அளவுக்குத் துளை இருக்கும், அதைத் துரத்திப் போகிற வெள்ளையணுவால் நுழைய முடியாது. அந்த வலையில் தொற்று பிடித்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். எந்த வலையானாலும் கிருமி அதன்மேல் பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மருந்து அதைத் தாண்டிப் போவது கஷ்டம். அதிலும் என் கிருமி மாதிரியான ஒன்று என்றால், வெளிப்பொருள் உள்ளே இருக்கும் வரை மருந்தை மட்டும் நம்ப முடியாது.

நான் இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவள். இழை எப்படி, கண் எவ்வளவு பெரிசு, ஒற்றை இழையா முறுக்கிய இழையா என்று பார்க்காமல் ஒரு ஜாக்கெட் துணியில்கூடக் கத்தரி வைக்க மாட்டேன். என் வயிற்றில் என்ன வைத்தீர்கள் என்று உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால், வலை வைக்கப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். என்ன பொருள், என்ன அளவு, எந்த பேட்ச் நம்பர், எதைக் கொண்டு பிடிப்பித்தீர்கள், எதுவும் இல்லை. வலைப் பெட்டியோடு வருகிற ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கமாமே? அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு 2023 டிசம்பரில் என் கணவர் உங்கள் ரெக்கார்ட்ஸ் அறைக்கு நான்கு முறை நடந்தார். முதல் முறை ஆள் லீவு. இரண்டாம் முறை கடிதம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதித் தந்தார். மூன்றாம் முறை, கடிதம் மேலே போயிருக்கிறது. நான்காம் முறை, வாசலில் இருந்த செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிட்டார்.

2024 ஜனவரியில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அந்த சர்ஜன் என் வயிற்றைத் திறந்தார். வலையின் ஒரு பகுதி சதையோடு ஒட்டியிருந்தது, ஒரு பகுதி சீழில் மிதந்தது. கொஞ்சம் விட்டுவைத்தாலும் தொற்று திரும்பும் என்பதால் முழுவதையும் எடுக்க நான்கு மணி நேரம் ஆனது. பிறகு மூன்று வாரம் அமிகாசின் ஊசி, ஜூலை வரை கிளாரித்ரோமைசின். அந்த மாத்திரை வாயில் ஏற்படுத்தும் கசப்பைச் சொல்லி மாளாது, காப்பியே துருப்பிடித்த மாதிரி இருக்கும். ஊசிக்குப் பிறகு இடது காதில் ஒரு கீச்சொலி தங்கிவிட்டது. மெஷின் ஓடும்போது தெரிவதில்லை, நிறுத்தினால் கேட்கும். வலையை எடுத்ததால் ஹெர்னியாவும் திரும்ப வந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். நான் இன்னும் துணியவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டு தைக்கிறேன்.

இதையெல்லாம் வைத்து வலையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். வலை வைத்த பிறகு ஹெர்னியா திரும்ப வருவது குறைந்திருக்கிறது, அது நல்ல விஷயம். மகாராஷ்டிரத்தின் தோண்டைச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் கொசுவலைத் துணியையே வெட்டி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்கப் பெட்டியில் வைத்து, ஏழைகளுக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்ததைப் படித்து எனக்குச் சிரிப்பும் வந்தது, மதிப்பும் வந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களுக்குக் கொசுவலைத் துணியையும் கம்பெனி வலையையும் வைத்து ஒப்பிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கொசுவலையையே பத்திரமாக வைக்க முடிகிறது, கிருமிநீக்கம் ஒழுங்காக நடந்தால். பல ஆயிரம் ரூபாய் பில் போட்டு வைத்த வலை எனக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதாதா?

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பணத்தைப் பற்றி இங்கே பேசவில்லை, அது பேச வேண்டிய இடம் வேறு.

முதலில் என் கேஸ் ஷீட்டின் முழு நகல், ஆபரேஷன் குறிப்போடும் வலை ஸ்டிக்கரோடும் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷ நடத்தை விதிகள் சொல்கின்றன. நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. என் கணக்கில் அது 2026 பிப்ரவரி வரை. ஸ்டிக்கர் இல்லை என்றால், இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, அந்த மூன்று வரிப் பதிலைத் திரும்பப் பெறுங்கள். என் கல்ச்சர் ரிப்போர்ட்டை மறுபடி இணைத்து அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, ஒரு நுண்ணுயிரியல் மருத்துவரும் வெளியாள் ஒருவரும் இருக்கிற குழு விசாரிக்கட்டும். ஓ.டி.யில் கருவிகளை எதில், எவ்வளவு நேரம் ஊறவைக்கிறீர்கள், எந்தத் தண்ணீரில் அலசுகிறீர்கள், அந்தத் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய கருவிகளை ஊறவைப்பதை நிறுத்துங்கள். லேப்ராஸ்கோப்பி முடிந்து வாரங்கள் கழித்துக் கட்டியோடு வருகிறவர்களின் சீழுக்கு மைக்கோபாக்டீரியம் கல்ச்சர் போட வேண்டும் என்று உங்கள் டியூட்டி டாக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு தாள் செலவு. எனக்கு அது ஏழு மாதம் மிச்சப்படுத்தியிருக்கும்.

மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015இலிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் இருக்கிறது. காஜியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. என் பக்கத்திலிருந்து நானே அதற்கு எழுதிவிட்டேன். உங்கள் பக்கத்திலிருந்தும் ஓர் அறிக்கை போக வேண்டும். என்ன வலை என்ற இடத்தை நான் காலியாக விட்டுத்தான் அனுப்ப முடிந்தது. அதை நிரப்ப உங்களால்தான் முடியும்.

வலை வைக்கிற ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒப்புதல் தாள் கொடுங்கள். தொற்று வரலாம், எடுக்கவும் நேரலாம் என்பது அதில் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது வலையின் விவரம் எழுதிய ஓர் அட்டை கையில் இருக்கட்டும். ஸ்கூட்டர் வாங்கினால்கூட எஞ்சின் நம்பர் எழுதித் தருகிறார்கள்.

கடைசியாக, இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2023 ஜனவரி முதல் மார்ச் வரை உங்களிடம் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட அத்தனை பேருக்கும் போன் போடுங்கள். துளை போட்ட இடத்தில் கட்டியோ கசிவோ இருக்கிறதா, இருந்ததா, யாராவது டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த 26 வயதுப் பெண்ணின் நம்பர் என்னிடம் இல்லை, வாங்கி வைக்காமல் விட்டது என் தப்பு. உங்களிடம் எல்லோருடைய நம்பரும் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் தள்ளுபடி என்று எனக்கு மெசேஜ் தவறாமல் வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் டிரஸ்ஸிங் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரி